பெர்னதெத் என்ற பெயருக்கு என்ன பொருள்?

அவிநாசிக்காரி:
வணக்கங்க. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பெயர் பெர்னதெத், கருமத்தம்பட்டி கோயிலில் ஞானஸ்நானத்தில் வைத்தது. இப்போது எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள், அந்தப் பெயரையே வைக்க ஆசை. ஆனால் அது பிரெஞ்சுப் பெயர், கரடி என்று அர்த்தம் என்று சொந்தத்தில் ஒருத்தர் சொன்னதிலிருந்து வீட்டுக்காரர் தயங்குகிறார். நிஜமாகவே கரடிதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல்கரை:
கரடி உண்டுங்க, ஆனால் பாதிதான். பெர்னார் என்ற ஆண் பெயரின் பெண்பால் பெர்னார்த், அதைச் செல்லமாகச் சொன்னால் பெர்னதெத். மூலம் பழைய ஜெர்மானிய மொழி: 'பெர்ன்' கரடி, 'ஹார்ட்' உறுதி, துணிவு. ரெண்டும் சேர்ந்து கரடியைப் போலத் துணிந்தவள். பிரான்சை ஆண்ட பிராங்குகள் ஜெர்மானியர்கள், அதனால் இப்படிப்பட்ட பெயர்கள் பிரெஞ்சில் ஏராளம். நம் கொங்குப் பக்கம் குலப் பெயரையே ஆந்தை கூட்டம், காடை கூட்டம் என்று பெருமையாகத்தானே சொல்கிறோம், கரடிக்கு மட்டும் என்ன குறை?

சூலூர் வாசகி:
அர்த்தத்தை விட, அந்தப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன பெண்ணைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்க. பிரான்சின் லூர்து நகரில் 1844-ல் ஒரு மாவு மில்காரர் வீட்டில் பிறந்தவர் பெர்னதெத் சுபிரூ. ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்ற பெரியம்மா பெர்னார்த்தின் பெயரைத்தான் அவருக்கும் வைத்தார்கள், வீட்டில் கூப்பிட்டது பெர்னதெத். அப்புறம் மில் கைவிட்டுப் போய், பழைய சிறைச்சாலையின் ஒரே அறையில் குடும்பமே வாழ்ந்தது, கூடவே அவருக்கு ஆஸ்துமா. 1858-ல் மசபியேல் குகையில் மாதா 18 முறை காட்சி கொடுத்ததாகச் சொன்னபோது போலீஸ் அதிகாரி மிரட்டியும் பதினாலு வயசுப் பெண் சொன்னதை மாற்றவே இல்லை. பெயரில் இருக்கிற துணிவு அதுதானுங்க. 1933-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நம் ஊரில் லூர்து மேரி, லூர்துசாமி என்று பெயர் வைப்பதும் அந்த ஊரை வைத்துத்தான்.

நொய்யல்கரை:
அருமையாகச் சொன்னீங்க. இன்னொன்று, சான்றிதழில் தமிழில் எழுதும்போது 'பெர்னடெட்' வேண்டாம். பிரெஞ்சில் அது பல்லில் நாக்கு படும் ஒலி, நம் 'த' மாதிரி, அதனால் உங்கள் அம்மிச்சி பெயரை எழுதிய விதமே சரி. புனித பெர்னதெத்தின் திருநாள் ஏப்ரல் 16, பிரான்சில் பிப்ரவரி 18.

அவிநாசிக்காரி:
ரொம்ப நன்றிங்க. பெரியம்மா பெயரை வைத்த கதையைச் சொன்னதும் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். ஃபாதரிடம் தேதி கேட்கப் போகிறோம்.