அப்பாவின் துப்பாக்கி உரிமத்தை என் பெயருக்கு மாற்றணும்: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டது தடையாகுமா?

பேராவூரணித் தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக உரிமத்தோடு வைத்திருக்கிறார். இப்போது வயது 76, கண் பார்வையும் குறைந்துவிட்டது, "என் பேர்ல போதும்பா, உன் பேருக்கு மாத்திக்கோ" என்கிறார். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால், விண்ணப்பத்தோடு மனநலத்துக்கும் உடல்தகுதிக்கும் சேர்த்து டாக்டர் சான்று வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போன மறுநாள் காலையில் எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணலாம். தாத்தா வைத்த மரமெல்லாம் வேரோடு சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது. கடன் வேறு. தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு, யாரிடமும் பேசப் பிடிக்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பேன். மனைவிதான் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு என்றார், ஒன்றரை வருஷம்போல மாத்திரை சாப்பிட்டேன், அப்புறம் அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்.

மச்சான் சொல்கிறார், "அதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லாதே, தெரிந்த டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடு. சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், நாளைக்கு நிலம் கிரயம் பண்ணப் போனால்கூட உன் கையெழுத்து செல்லாது." உண்மையிலேயே அப்படி ஆகுமா? மறைப்பதா, சொல்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் வக்கீல்:

முதலில் கிரயப் பயத்தை விடுங்கள். ஒப்பந்தச் சட்டம் கேட்பது, கையெழுத்துப் போடும் நேரத்தில் நீங்கள் விஷயத்தைப் புரிந்து, நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்கும் நிலையில் இருந்தீர்களா என்பதை மட்டும்தான். என்றைக்கோ மாத்திரை சாப்பிட்டதற்கும் உங்கள் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து உரிமம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், விண்ணப்பிப்பவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று உரிமம் வழங்கும் அதிகாரி நம்பக் காரணம் இருந்தால் மறுக்கலாம் என்று இருக்கிறது. அதே இடத்தில் 'வேறு எந்தக் காரணத்தாலும் தகுதியற்றவர்' என்று இன்னொரு வாசகமும் இருக்கிறது, நடைமுறையில் அதுதான் அகலமான கதவு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வந்த பிறகு விண்ணப்பத்தோடு எஸ்-3 என்ற படிவத்தில் மருத்துவச் சான்றும் வைக்க வேண்டும். மனநலம், உடல்தகுதி, போதைப் பழக்கம் இல்லை என்பது, எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

இப்போது உங்களுக்கு முக்கியமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தாலும், அதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது, உரிய நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தால்தான் கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. முன்பு சிகிச்சை எடுத்தார், ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதை மட்டும் காட்டி இன்றைக்கும் நோயாளி என்று முடிவு கட்டக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2018 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மச்சானைப் போலவே பல அலுவலகங்களிலும் இது தெரியாமல்தான் பேசுகிறார்கள்.

ஆனால் மறைக்காதீர்கள். முக்கியமான தகவலை மறைத்தோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கிய உரிமத்தை ரத்து செய்ய ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சொல்லிவிட்டு மறுத்தார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், 18ஆம் பிரிவில் மேல்முறையீடு போகலாம், அதற்கு மேலும் போவதென்றால் தஞ்சை மாவட்டம் என்பதால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பொய்ச் சான்று கொடுத்து மாட்டிக்கொண்டால் எந்தப் படியிலும் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

பெயர் மாற்றத்துக்கு ஆயுத விதிகளில் விதி 25 பாருங்கள். உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருக்க வேண்டும், எது முந்தியோ அது. அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. ஆனால் மாற்றம் என்ற பெயரே தவிர உங்களுக்குப் புது உரிமம்தான். போலீஸ் அறிக்கை, பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி என்று எல்லாமே முதலிலிருந்து வரும்.

மன்னார்குடிக்காரன், இப்போது டெக்சாஸ்:

இங்கே உள்ள நிலவரம் தெரிந்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடையில் துப்பாக்கி வாங்க டாக்டர் சான்றே கிடையாது. 4473 என்று ஒரு படிவம், அதில் மனநிலை பற்றி ஒரே ஒரு கேள்வி: நீதிமன்றமோ அதற்கு நிகரான அமைப்போ உங்களை மனநிலை சரியில்லாதவர் என்று தீர்மானித்திருக்கிறதா, மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டீர்களா என்பது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது இது. தானாகப் போய் டாக்டரைப் பார்த்ததோ மாத்திரை சாப்பிட்டதோ அதில் வராது.

அந்த ஒரு கேள்விகூட எப்படி ஓட்டையாகும் என்பதற்கு 2007 வர்ஜீனியா டெக் சம்பவம் சாட்சி. 32 பேரைக் கொன்றவனுக்கு அதற்கு முன்பே நீதிமன்றம் சிகிச்சைக்கு உத்தரவு போட்டிருந்தது, ஆனால் அந்தத் தகவல் துப்பாக்கிக் கடை சரிபார்க்கும் மத்தியப் பதிவேட்டுக்குப் போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் மாநிலங்கள் இந்தப் பதிவுகளை ஒழுங்காக அனுப்ப வேண்டும் என்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. செய்தியில் வருவது கூட்டத்தில் சுடுவதுதான், ஆனால் எண்ணிக்கையில் பெரியது வீட்டுக்குள் தனியாக நடப்பது. தோப்பு அண்ணனைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சான்றுக்குப் போகும்போது தற்கொலை நினைப்பு பற்றிய கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்து போனால் நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

தஞ்சைச் செவிலி:

மனநலப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். துப்பாக்கிச் சான்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அதனால் சொல்கிறேன்.

நாற்காலியில் உட்கார வைத்துச் சாதாரணமாகத்தான் பேச்சு தொடங்கும். என்ன விவசாயம், வீட்டில் யார் யார், தூக்கம் எப்படி, பசி எப்படி. இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள், இப்படிச் சின்னச் சின்னதாகக் கவனத்தையும் நினைவையும் பார்ப்பார்கள். குடி உண்டா, எவ்வளவு, குடித்தால் கை நீளுமா என்று நேராகவே கேட்பார்கள். பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு இருக்கிறதா என்பதும் வரும். யாரோ பேசுகிற மாதிரி காதில் கேட்கிறதா, யாராவது கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறதா என்று கேட்பார்கள். கடைசியாக, செத்துப்போகலாம் என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்பார்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதும் உண்டு, மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு.

முன்பு மனச்சோர்வு வந்து சிகிச்சை எடுத்து, முடித்து, இப்போது நன்றாக இருக்கிற ஒருவரை அதற்காகவே தகுதியில்லை என்று எழுத நல்ல மருத்துவருக்குக் காரணம் இல்லை. நான் கவலைப்படுவது வேறு ஆட்களைப் பற்றி. தினம் குடித்துவிட்டு வீட்டில் அடிதடி செய்கிறவர் டாக்டர் பக்கமே போனதில்லை, அதனால் அவர் சீட்டு சுத்தமாக இருக்கும், கையெழுத்தும் சுலபமாகக் கிடைத்துவிடும். ஒழுங்காக வந்து மாத்திரை சாப்பிட்டவர்தான் பயந்துகொண்டு நிற்கிறார். இது மாற வேண்டும், ரொம்ப நாளாக எனக்கு இது வயிற்றெரிச்சல்.

தோப்பு அண்ணா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி, பதிலை இங்கே எழுத வேண்டாம். கஜா சமயத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்ததா? வந்திருந்தால் அதை உங்கள் பழைய டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். அந்த நினைப்பு பெரும்பாலும் ஒரு வேகத்தில் வந்து போவது. அந்தச் சில நிமிஷம் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். திரும்ப மனசு பாரமாக ஆனால் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

முன்னாள் ஹவில்தார், ஒரத்தநாடு:

தம்பி, வக்கீல் ஐயா சொன்னதுதான் சரி, மறைக்காதே. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள், பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள். நீ தஞ்சாவூருக்கு வைத்தியத்துக்குப் போனது ஊருக்கே தெரிந்திருக்கும்.

நான் ராணுவத்திலிருந்து வந்து வங்கிக் காவல் வேலைக்காக இரட்டைக்குழல் வைத்திருக்கிறேன், அது என் பிழைப்பு. உனக்கு எதற்கு என்று யோசித்தாயா? காட்டுப்பன்றிக்கு என்றால், உரிமம் இருக்கிறதே என்று சுட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போவாய். மயில் என்றால் கேட்கவே வேண்டாம். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படை, முடிந்ததும் போய் எடு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பி என்று அலைச்சல் வேறு.

பேராவூரணித் தோப்பு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செவிலி அக்கா எழுதியதை மனைவியும் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அந்த வருஷம் ராத்திரியில் நான் தூங்கிய பிறகு துப்பாக்கி இருக்கும் பீரோவின் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு படுத்ததாகச் சொன்னார். இத்தனை நாள் எனக்கு இது தெரியாது. நான் கேட்காமலே அப்பாவும் உள்ளேயிருந்து, "நாந்தான் குடுத்தேன் சாவிய" என்றார்.

அவசரப்பட்டு விண்ணப்பம் போடுவதாக இல்லை. முதலில் பழைய டாக்டரைப் பார்த்துப் பேசப்போகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, போலீஸ் கேட்டால் டாக்டர் என் சிகிச்சைச் சீட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவாரா? இன்னொன்று, பெயர் மாற்றவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் துப்பாக்கியை என்ன செய்வது? தாத்தா காலத்துப் பொருள், அப்பாவுக்கு அதைப் பிரிய மனசில்லை.

தஞ்சைச் செவிலி:

சிகிச்சை விவரம் உங்களுடையது. அதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு, பிறர் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி யாரோ வந்து கேட்டார் என்று எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். சான்றில் தகுதி உண்டா இல்லையா என்று வரும், நீங்கள் அறைக்குள் அழுததெல்லாம் வராது. அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் செய்ததைத்தான் நாங்கள் ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறோம்.

கும்பகோணம் வக்கீல்:

அப்பாவின் உரிமம் நடப்பில் இருக்கும்வரை அது அவர் பெயரில் இருப்பதில் தப்பில்லை, புதுப்பிக்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடமோ உரிமம் பெற்ற வேறொருவருக்கோ முறைப்படி விற்கலாம். உரிமம் காலாவதியானாலோ, அப்பாவுக்கு ஏதாவது ஆனாலோ துப்பாக்கி ஒரு நாளும் வீட்டில் சும்மா கிடக்கக்கூடாது. உடனே காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவு. 'அப்பா பொருள்தானே' என்று பரணில் வைத்துவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். போடுவதென்று முடிவானால் விண்ணப்பத்தை நானே பார்த்துத் தருகிறேன்.