வழுக்குப் பாறையில் ஏறியவர்களின் அனுபவங்கள்: வேக்கோ டாங்ஸிலும் உகந்தையிலும்

கல்லடி, மட்டக்களப்பிலிருந்து:

டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தூரத்தில், சிகுவாகுவன் பாலைவனத்தின் நடுவே சில பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றை உள்ளடக்கிய 860 ஏக்கர் நிலப்பரப்பே வேக்கோ டாங்ஸ் மாநிலப் பூங்கா. போல்டரிங் எனப்படும் கயிறில்லாத பாறையேற்றத்தில் சிறிதேனும் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். ஏற்றங்களின் கடினத்தைக் குறிக்க இன்று பல நாடுகளில் வழங்கும் 'வி' அளவுகோலை ஜோன் ஷெர்மன் இங்கே ஏறிய காலத்தில்தான் வகுத்தார். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய வழிகாட்டி நூலின் மூலம் அது பரவியது. எல் பாசோவில் வசிக்கும் அக்கா குடும்பத்தாரிடம் சென்ற தை மாதம் தங்கியிருந்தபோது எனக்கு அங்கே ஏறும் வாய்ப்புக் கிடைத்தது.

அந்தக் குன்றுகள் சியனைட் என்னும் தீப்பாறையால் ஆனவை. ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியிலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு சுண்ணாம்புக்கல் படுகைக்குள் புகுந்து உறைந்தது. பின்னர் மேலிருந்த சுண்ணாம்புக்கல் அரிக்கப்பட்டுப் போக, உள்ளிருந்த கடினமான பாறை வெளிப்பட்டது. கருங்கல்லைப் போன்ற தோற்றம் இருந்தாலும், குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் மணிகள் மிகக் குறைவாக உள்ள பாறை இது. ஏறுபவர்கள் அடிக்கடி கைவைக்கும் பிடிகள் பல தலைமுறை அரைத்த அம்மியின் மேற்பரப்பைப் போல வழுவழுத்துப் போயிருந்தன. கையால் இறுகப் பிடித்துத் தொங்கினால் ஏறிவிடலாம் என்று நினைத்துச் செல்பவர்களை இத்தகைய பாறை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிடும். சாய்வான பகுதிகளில் உடலைப் பயத்தோடு பாறைமீது ஒட்டிக்கொண்டால் பாதம் வழுக்குகிறது. இடுப்பைச் சற்று வெளியே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, சப்பாத்தின் இறப்பர் முழுவதும் பாறையில் அழுந்தும்படி நின்றால், அதே இடத்தில் பாதம் அசையாமல் நிற்கிறது. குளிர்ந்த, உலர்ந்த வேளையில் கையில் வியர்வை குறைவாக இருப்பதால், அங்கே கார்த்திகை முதல் மாசி வரையான மாதங்களையே எல்லோரும் விரும்புகிறார்கள்.

ஆனால் நான் இங்கே எழுத விரும்பியது ஏற்றத்தைப் பற்றியதைவிட உள்ளே நுழையும் முறையைப் பற்றியது. வடக்குக் குன்றில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. மேற்கு, கிழக்குக் குன்றுகளுக்கு வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. நுழைவதற்கு முன் ஒரு காணொளியைப் பார்த்தாக வேண்டும். பாறை ஏற வந்தவனுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று முதலில் எனக்கும் எரிச்சல் வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. எங்களோடு வந்த வழிகாட்டி, வயதில் மூத்த பெண்மணி, ஒரு பிதுங்கிய பாறையின் அடியில் எங்களைக் குனியச் சொல்லி, நிழலில் இருந்த ஓவியத்தைக் காட்டினார். வட்டமான கண்களோடு சிவப்பு நிறத்தில் தீட்டப்பட்ட முகமூடி அது. அப்பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹோர்னாடா மொகொயோன் மக்கள் வரைந்தவற்றுள் ஒன்று. இத்தகைய முகமூடி ஓவியங்கள் மட்டுமே அந்தப் பூங்காவில் 200க்கு மேல் உள்ளன. அதற்கு மேலே, ஏறத்தாழ இரண்டு ஆள் உயரத்தில், நல்ல பிடிகள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையில் இப்போது யாரும் ஏறுவதில்லை என்று அவர் சொன்னார். கையில் உள்ள எண்ணெய்ப் பசையும், பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சோக் தூளும் ஓவியத்தின் மீது படிந்தால் ஓவியத்துக்குச் சேதமில்லாமல் அவற்றை அகற்றுவது கடினம் என்பதே காரணம்.

பாறையின் மேலுள்ள குழிகளில் மழைநீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அந்த நீரில் நகத்தளவு கூட இல்லாத, கண்ணாடி போலத் தெளிந்த இறால்கள் நீந்துவதைப் பார்த்தோம். குழி வற்றினாலும் அவற்றின் முட்டைகள் உலர்ந்த சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்குமாம். எங்களில் ஒருவர் கையில் படிந்த தூளைக் கழுவ ஒரு குழியருகே குனிந்தபோது, வழிகாட்டி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

பொத்துவிலிலிருந்து:

கல்லடி அண்ணன் வேக்கோ டாங்ஸின் குழிகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் உகந்தைமலை முருகன் கோயிலுக்குப் பின்னால் பாறையின் மேலுள்ள சுனைகள் நினைவுக்கு வந்தன. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் குமுண காட்டுக்குள் இறங்குவதற்கு முன் தங்கும் இடம் அது என்பதை இங்கே பலர் அறிவார்கள். நானும் நண்பர்களும் பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில், கரையோரமாக உள்ள தாழ்ந்த உருண்டைப் பாறைகளில் பழகி வருகிறோம். நமது பக்கத்துப் பாறை நைஸ் என்னும் உருமாறிய பாறை வகையைச் சேர்ந்தது, மிகப் பழையது. வெங்காயத் தோல் போலப் பட்டை பட்டையாக உரிந்து உருண்டு போயிருப்பதால் விளிம்பு என்று பிடிக்க எதுவும் கிடைக்காது. கடலுக்கு அருகில் உள்ளவற்றில் உப்புப் படலமும் சேர்ந்துகொள்ளும். ஈரத் துணியால் துடைத்து உலரவிட்ட பின்பே கால் வைக்கலாம். மழைநீர் வழிந்தோடிய தடங்களில் தெரியும் கறுப்புக் கோடுகள் நுண்ணிய பாசிகள். உலர்ந்திருக்கும்போது அவை சொரசொரப்பாகவே இருக்கும், நனைந்தால் எந்தச் சப்பாத்தும் நிற்காது.

ஒரு மாலை, சுனையின் ஓரத்துச் சாய்பாறையில் ஏறிப் பார்க்கலாம் என்று விழுந்தால் தாங்குவதற்கான மெத்தையை நாங்கள் விரித்தபோது, அங்கே அமர்ந்திருந்த காவியுடை அணிந்த முதியவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, "தம்பிமாரே, சப்பாத்தோட சுனைப் பக்கம் ஏறாதீங்க, இது ஆடி மாசத்தில சனம் அள்ளிக் குடிக்கிற தண்ணி" என்றார். அவர் கோபப்படவும் இல்லை, எங்களைத் துரத்தவும் இல்லை. நாங்கள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். அவர் காட்டிய திசையில் கோயிலுக்கு எட்டத்தில் இருந்த பாறையே, உண்மையைச் சொன்னால், ஏறுவதற்கு அதைவிட நல்ல பாறை.

கரடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் நேரத்தில் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் கரடி படுத்திருக்கும். திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடாமல் தாக்கும் விலங்கு அது. இடுக்குக்குள் குனிவதற்கு முன் கைதட்டி, உரக்கப் பேசி, சற்றுப் பொறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிதுங்கிய பாறையின் அடியில் மலைத்தேன் கூடு தொங்கினால் அன்றைக்கு அந்தப் பக்கமே போவதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

பொத்துவில் தம்பி சொன்னவற்றோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன். அண்ணன் சொன்ன மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது. கார்த்திகை தொடக்கம் தை வரை இங்கே வாடைக் காற்றோடு மாரி மழை. வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசத் தொடங்கினால் பாறை காலை ஒன்பது மணிக்கே கொதித்துவிடும், இறப்பர் இளகி வழுக்கும். மாசி, பங்குனி மாதங்களின் விடியற்காலையே நமக்கு வாய்த்த பருவம்.

இடத்தைத் தெரிவு செய்வதில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குமுண தேசியப் பூங்காவுக்குள், யாத்திரை செல்லும் அடியார்களைத் தவிர மற்றவர்கள் வாகனத்தை விட்டு இறங்கி நடமாடுவதற்கு அனுமதி இல்லை, ஆகவே அங்கே பாறையேற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குடும்பிகலப் பகுதியும் சரணாலயம். அத்துடன் அங்குள்ள குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டப்பட்ட விளிம்பும், அதன் கீழே பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. அந்த எழுத்துகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து, அருகில் நின்று பார்த்தால் கூடச் சட்டென்று புலப்படாதவை. பிடி நன்றாக இருக்கிறதே என்று விரல் நுழைக்கும் இடம் ஈராயிரம் ஆண்டு பழைய எழுத்தின் பள்ளமாக இருக்கலாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவற்றைச் சேதப்படுத்துவது குற்றம். தெரியாமல் செய்தோம் என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. எழுபது பேர் என்று வேக்கோ டாங்ஸில் வகுத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு நம்மிடம் இல்லாததால், நாமாகவே எல்லை போட்டுக்கொண்டால் ஒழிய, ஒரு குழுவின் கவனக்குறைவுக்காக எல்லாப் பாறைகளும் மூடப்படலாம் என்பதே என் பயம்.

பங்குனியில் பாணமைப் பக்கம் வர விரும்புகிறவர்கள் முதலில் ஊர்க்காரரிடமும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் எந்தப் பாறை எந்த எல்லைக்குள் வருகிறது என்று கேட்டறிந்து இங்கே எழுதுங்கள். சோக் தூளைத் துணிப் பந்தில் கட்டிக் கொண்டுவந்தால் சிந்தாது. பிடிகளைத் துடைக்க மென்மையான தூரிகை போதும், இரும்புத் தூரிகை வேண்டாம்.