1946ல ரக்பி டீம் போர்க்கப்பல்ல போனது உண்மையா?

ராயபுரம் பையன்: ஹார்பர்ல வேலை பாத்த எங்க தாத்தா சொல்வாரு, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச புதுசுல ஒரு வெள்ளக்கார ரக்பி டீம் விமானம் தாங்கி கப்பல்லயே ஆஸ்திரேலியா போச்சுனு. நெஜமா?

காசிமேடு அண்ணன்: நெஜம்தான் தம்பி. பிரிட்டன் ரக்பி லீக் டீம் (பக்கத்துக்கு 13 பேரு ஆடற ரக்பி வகை), மொத்தம் 26 பேரு போனாங்க, கேப்டன் கஸ் ரிஸ்மன், வயசு 35. சண்டை முடிஞ்ச நேரம், பயணிகள் கப்பல் கெடைக்கல, அதனால இன்டாமிடபிள்ங்கற போர்க்கப்பல்ல ஏத்தி ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரைல இருக்கற ஃப்ரிமேன்டில் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோனாங்க, அங்கருந்து சிட்னிக்கு ரயிலு, கண்டத்தோட இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம், பல நாளு. ஆஸ்திரேலியாவோட ஆடின மொத டெஸ்ட்ல (நாட்டுக்கு நாடு ஆடற மேட்ச்) பிரிட்டன் ஆளு ஒருத்தர நடுவர் வெளிய அனுப்பிட்டாரு, மீதி 12 பேரா ஆடி 8-8னு டிரா பண்ணாங்க பாரு, எனக்கு அதான் பெருசு. அப்புறம் ரெண்டு டெஸ்ட்டும் 14-5, 20-7னு ஜெயிச்சாங்க. ஆஸ்திரேலியாகிட்ட ஒரு டெஸ்ட்டும் தோக்காம ஆஷஸ் அவங்களுக்கு; கிரிக்கெட் மாதிரியே ரக்பி லீக்லயும் இந்த ரெண்டு நாட்டுக்கும் நடக்கற தொடருக்கு அதான் பேரு. நியூசிலாந்துல ஆடின டெஸ்ட்ல மட்டும் 13-8ல தோத்தாங்க.

வியாசர்பாடி ஃபுட்பால்: ஒண்ணு சேத்துக்கறேன். இந்த லீக் ஆட்டமே கூலிப் பிரச்சனைல பொறந்தது. மில்லு, சுரங்கத்துல வேலை செய்றவங்க மேட்சுக்கு லீவு போட்டா அன்னிக்கு கூலி போயிடும், அத குடுங்கனு கேட்டு முடியாதுன்னதும் 1895ல வட இங்கிலாந்து கிளப்புங்க பழைய ரக்பி சங்கத்துலருந்து தனியா பிரிஞ்சாங்க. எங்க ஏரியால லோடு எறக்கிட்டு தோள்ல துண்டோட நேரா கிரவுண்டுக்கு வர்ற பசங்கள பாத்தவனுக்கு இது நல்லா புரியும்.

ராயபுரம் பையன்: ரொம்ப நன்றிணா. தாத்தா பொய் சொல்லலனு பாட்டிகிட்ட இப்பவே போய் சொல்றேன்.