சார்ட்டில் 6 மி.மீ. என்று வந்திருக்கிறது: டீப் கிளீனிங் போதுமா, ஃபிளாப் சர்ஜரி வேண்டுமா?

கேள்வி: தூரிகை41

வயது 41. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், காலையில் வாய் நாற்றம், கீழ் முன்பற்கள் முன்பைவிட நீளமாகத் தெரிகின்றன. புகைப் பழக்கம் இல்லை. சர்க்கரை உண்டு, கடைசி HbA1c (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7.8. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் ஓடுகிறது.

ஓர் இடத்தில் எதையும் அளக்காமல் 15 நிமிடத்தில் கிளீனிங் முடித்து, மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் பல் பல்லாக அளந்து சார்ட் போட்டு, வாய் முழுக்க ஃபிளாப் சர்ஜரி (ஈறைத் திறந்து சுத்தம் செய்வது), கூடவே லேசர் என்கிறார்கள். சார்ட்டில் பெரும்பாலும் 3, 4. கடைவாயில் மூன்று இடங்களில் மட்டும் 6. வலது கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் (46) வெளிப்பக்கம் "6 3 5" என்று இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது? சர்ஜரிக்கு இப்போதே ஒப்புக்கொள்ளலாமா? ஆழமாகச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: ஈறளவு

முதலில் சார்ட். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பியை (புரோப்) ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே லேசாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளப்பார்கள்: கன்னப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று. "6 3 5" என்றால் பல்லின் இரண்டு ஓரங்களில் 6, 5, நடுவில் 3. பற்களின் இடுக்கில்தான் நோய் உட்கார்ந்திருக்கிறது. பிரஷ் போகாத இடம் அதுதான். நாக்குப் பக்கத்து மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

3 மி.மீ. வரை சாதாரணம். 4, 5 கவனிக்க வேண்டியவை. 6-உம் அதற்கு மேலும் என்றால் வீட்டில் என்ன செய்தாலும் அடிவரை எட்டாது. ஆனால் பாக்கெட் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பை) ஆழம் மட்டும் பாதிக் கதை. ஈறு கீழிறங்கியிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். பாக்கெட் 6, ஈறு இறக்கம் 1 என்றால் பல்லின் பிடிமானம் 7 மி.மீ. போயிருக்கிறது. மாறாக, எலும்பு அப்படியே இருந்து ஈறு மட்டும் வீங்கினாலும் 5 காட்டும்; அது பொய் பாக்கெட். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும் என்பதால் உங்கள் விஷயத்தில் இதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்றுவதானால் எழுதிக் கொடுத்த டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். முழுத் தாடைக்கான ஓ.பி.ஜி. பொதுவான தோற்றம் தரும். 6 வந்த இடங்களுக்குத் தனித்தனிச் சின்னப் படம் எடுத்தால்தான் எலும்பு மட்டமாகக் குறைந்ததா, ஒரு பக்கம் மட்டும் கிணறுபோல் குழிந்ததா என்று தெரியும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பின்னால் சர்ஜரியின் வகை முடிவாகும்.

2018-இல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டின்படி நோயின் தீவிரத்துக்கு ஸ்டேஜ் 1 முதல் 4, வேகத்துக்கு கிரேடு ஏ, பி, சி. பற்களின் இடுக்கில் பிடிமான இழப்பு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் குறைந்தது ஸ்டேஜ் 3. வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு: மிக மோசமான பல்லில் எலும்பு எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறதோ அதை வயதால் வகுப்பது. 35 சதவீதம் என்று வைத்தால் 35 ÷ 41 = 0.85. 0.25-க்குக் கீழே ஏ, 1 வரை பி, அதற்கு மேல் சி. ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு HbA1c 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நேராக சி. உங்கள் 7.8 அந்த வேலையைச் செய்துவிடும்.

பதில்: வேர்ப்பரப்பு

சர்ஜரிக்கு இப்போதே தலையாட்ட வேண்டாம். இதில் ஒரு வரிசை உண்டு. நீங்கள் இன்னும் அதன் முதல் படியையே முழுதாகத் தாண்டவில்லை.

அந்த 15 நிமிட கிளீனிங் ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுப்பது. உங்களுக்கு வேண்டியது ஈறுக்குக் கீழே வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வது. பேச்சுவழக்கில் டீப் கிளீனிங். மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் கருவியாலும் கை கருவியாலும் செய்வார்கள். வாயை நாலு பகுதியாகப் பிரித்து இரண்டு அல்லது நான்கு அமர்வுகள், அல்லது ஒரே நாளில் மொத்தமும். பலனில் பெரிய வித்தியாசமில்லை. ஆழமான பாக்கெட்டுகளை ஊசி இல்லாமல் சில நிமிடத்தில் முடித்தால் அடிவரை போகவில்லை என்றுதான் அர்த்தம். வலி தாங்காமல் நீங்கள் நெளிவீர்கள், டாக்டரும் பாதியில் விட்டுவிடுவார்.

பிறகு சுமார் மூன்று மாதம் கழித்து எல்லா இடத்தையும் மறுபடி அளக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு வாரத்திலேயே புரோப் விட்டால் ஆறிவரும் திசு கிழியும், அளவும் தப்பாக வரும். 6 மி.மீ. பாக்கெட் இரண்டு மி.மீ. போலக் குறைவது சகஜம். அப்போதும் 4, 5 நின்று ரத்தமும் கசிந்தால் அந்த இடங்களை மட்டும் திரும்பச் சுத்தம் செய்யலாம். 6 அப்படியே நின்றால் அங்கே மட்டும் ஃபிளாப்: ஈறைத் திறந்து கண்ணால் பார்த்து வேரைச் சுத்தம் செய்வது. 3 மி.மீ. அல்லது அதைவிட ஆழமான எலும்புக் குழி இருந்தால் எலும்பை மீட்கும் வகைச் சிகிச்சையை யோசிப்பார்கள். மூன்று இடத்துக்காக வாயெல்லாம் திறக்கச் சொன்னால் "மறுஅளவு எங்கே?" என்று கேளுங்கள். லேசரை மேலே சேர்ப்பதால் கூடுதல் பலன் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

46-ல் இன்னொன்று. கீழ்க் கடைவாய்க்கு இரண்டு வேர். எலும்பு குறைந்தால் வேர் பிரியும் கவட்டை வெளிப்படும். அதை வளைந்த தனிப் புரோப் வைத்துத்தான் பார்க்க முடியும். கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும் அளவு திறந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பது கடினம்.

பல் ஆடும் பயம்: காரை பற்களை ஒட்டவைத்த சிமென்ட் போல நிற்கிறது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இழந்த எலும்பின் விளைவு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்ததும் ஆட்டம் பெரும்பாலும் குறையும். இடைவெளி தெரியும், பல் நீளமாகத் தோன்றும், குளிர்ச்சி பட்டால் சில வாரம் கூசும்; இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர்கள்மேல் பிற்பாடு பழி விழுகிறது.

கேள்வி கேட்டவர்: தூரிகை41

நன்றி. மவுத்வாஷும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டால் டீப் கிளீனிங்கைத் தவிர்க்கலாமா? வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: இடுக்குபிரஷ்

தவிர்க்க முடியாது. மவுத்வாஷ் ஈறுக்கு மேலேதான் ஓடும், 6 மி.மீ. அடியில் இறங்காது. ஆன்டிபயாட்டிக்கோ பற்படலத்துக்குள் (பல்லில் ஒட்டிப் படியும் கிருமிப் படலம்) ஒளிந்திருக்கும் கிருமிகளைச் சரியாக எட்டாது. படலத்தைக் கருவியால் கலைத்தாக வேண்டும். காய்ச்சலோடு பரவும் வீக்கம், அல்லது குறிப்பிட்ட சில நோயாளிகள் என்றால் மாத்திரை எழுதுவார்கள், எல்லோருக்கும் அல்ல. குளோர்ஹெக்ஸிடின் 0.2% என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை படியும், ருசி மாறும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். பல் தேய்த்து அரை மணி விட்டுத்தான் கொப்பளிக்க வேண்டும்.

பிரஷ் மென்மையான நார். 45 டிகிரி சாய்வில் நார் முனை ஈறு விளிம்பில் படும்படி வைத்து, அழுத்தாமல் சின்ன அசைவுகள், இரண்டிரண்டு பற்களாக. நார் ஒரு மாதத்திலேயே விரிந்தால் அழுத்துகிறீர்கள்.

முக்கியமானது இடுக்கு பிரஷ், அதாவது பற்களின் இடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ். முன்பற்களுக்கு ஓர் அளவு, கடைவாய்க்கு வேறு அளவு என்று இரண்டு மூன்று தேவைப்படலாம். நார் இரு பக்கமும் உரசிச் செல்ல வேண்டும். கம்பி பல்லில் இடிக்கக் கூடாது. பொலபொலவென்று போய்வந்தால் சின்னது, வலிக்க நுழைத்தால் பெரிது. அளவைக் கிளினிக்கிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள், நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் நிறத்துக்கு வெவ்வேறு அளவு வைக்கிறது. பிரஷ் நுழையாத நெருக்கமான இடத்துக்கு மட்டும் ஃபிளாஸ். முதல் சில நாள் ரத்தம் வரும், அதற்குப் பயந்து நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டு வாரம் தினமும் செய்தும் ஒரே இடத்தில் தொடர்ந்து ரத்தம் வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பதில்: ஈறளவு

டாக்டரைத் தேர்ந்தெடுக்க: ஈறு நோய்க்கென்று மேற்படிப்பு படித்தவர் பெரியோடான்டிஸ்ட். சாதாரண நிலையைப் பொதுப் பல் டாக்டரே பார்க்கலாம். ஸ்டேஜ் 3-ஆக இருக்கலாம், கவட்டையும் திறந்திருக்கலாம், சர்க்கரையும் உண்டு என்ற உங்கள் நிலைக்குப் பெரியோடான்டிஸ்ட்தான் மேல். போனில் ஒரே கேள்வி போதும்: "சிகிச்சைக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் ஆறு இடத்திலும் அளந்து, பிரதி தருவீர்களா?" பதிலில் தயக்கம் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

சர்க்கரைக்கு டாக்டரையும் இதில் இழுங்கள். ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் HbA1c சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் ஈறும் வேகமாக ஆறும். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவரானால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

சுற்றிலும் எல்லாம் 3 ஆக இருந்து ஒரே பல்லில் ஒரே இடம் மட்டும் 8, 9 என்று இறங்கினால் அது வேர் வெடிப்போ வேர்க்குழாய்ப் பிரச்சினையோ ஆக இருக்கலாம். அங்கே டீப் கிளீனிங் வீண். முகவீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமம் என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பதில்: வேர்ப்பரப்பு

ஒன்று விட்டுப்போனது. எல்லா எண்ணும் இறங்கிய பிறகும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும், உங்கள் கிரேடுக்கு ஆறு மாத இடைவெளி ரொம்ப நீளம். பாக்கெட் திரும்ப ஆழமாகும்போது வலி இருக்காது. அடுத்த சார்ட்டை இந்தச் சார்ட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.