அம்மாவின் பைண்டிங் கடல் புறா: உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். குமுதத்தில் தொடராக வந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வை அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். போன மழையில் பரண் ஒழுகி இரண்டாம் பாகம் முழுக்க ஒட்டிப்போய்விட்டது. பிரித்துப் பார்த்தேன். ஓவியத்தில் இருந்த நாயகி மஞ்சளழகியின் முகம் எதிர்ப்பக்கத்து எழுத்தோடு உரிந்து வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

கடைகளில் புத்தகம் கிடைக்கிறது, சரி. அம்மாவுக்கு வேண்டியது ஓவியர் லதாவின் ஓவியங்களோடு வந்த அந்தப் பத்திரிகைப் பக்கங்கள். யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? ஜெராக்ஸ் செலவு, தபால் செலவு எல்லாம் நான் தருகிறேன்.

அப்புறம், சாண்டில்யனின் வாழ்க்கையைப் பற்றியும் படிக்க ஆசை. பாஷ்யம் ஐயங்கார் என்ற பெயரில் 1910இல் பிறந்தவர். சுதேசமித்திரன் நாளிதழில் நிருபர், சினிமாவில் 'ஸ்வர்க்க சீமா'வுக்கு எழுத்து வேலை, பிறகுதான் ஊரே வாரம் எண்ணிக் காத்திருந்த தொடர்கள். 1987இல் காலமானார். வர்ணனை நீளம் என்று இன்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கடற்போர் வர்ணனைதான் உயிர். கப்பல் திரும்புவது கண்ணுக்குத் தெரியும்.

அவருடைய சுயசரிதை 'போராட்டங்கள்' யாரிடமாவது இருக்கிறதா? ஒரு வாரம் இரவல் கொடுத்தால் போதும், அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.