1970களின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சலும் ஷாக்கும்: ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் உதவ வேண்டுகிறேன்

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். கோயில் திருவிழாக்களிலும் திருமண விருந்துகளிலும் பழைய பாடல்களை வாசிக்கும் எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் நான் எட்டுத் தந்தி லேப் ஸ்டீல் (மடியில் கிடத்தி, இரும்புக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) வாசிக்கிறேன். அதற்காக, ஓய்வுபெற்ற ஒரு கலைஞரின் குடும்பத்தாரிடமிருந்து வெள்ளி முகப்புள்ள ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கினேன். நான்கு 6எல்6ஜிசி வால்வுகளும் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் கொண்டது. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதால் 240ஐ 110 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டி வழியாகப் பயன்படுத்துகிறேன். அந்தப் பெட்டியில் இரண்டு துளைகள் மட்டுமே இருப்பதால், ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் உருண்டையான மூன்றாவது முள்ளை யாரோ முன்பே அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

குறைகள் மூன்று. வால்வுகள் சூடேறியதும் தாழ்ந்த ஸ்தாயியில் ஓர் உறுமல் தொடங்குகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அது குறைவதில்லை. சற்று நேரம் கழித்து, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோன்ற ஓசை வருகிறது. மழை மாதங்களில் இது அதிகம். மூன்றாவதாக, தந்தியில் கை வைத்தபடி மைக்கை உதட்டால் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது.

இதை விற்றுவிட்டுப் புதிய டிஜிட்டல் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது இதில் கிடைக்கும் தெளிவு வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

மறுமொழி 1 (தைப்பிங், வானொலி பழுதுபார்ப்பவர்)

தம்பி, மூன்றாவதாகச் சொன்னதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதுவரை தயவுசெய்து இதை மேடையில் வைக்க வேண்டாம்.

அக்கால ஆம்ப்ளிஃபையர்களின் பின்பக்கத்தில் கிரவுண்ட் சுவிட்ச் ஒன்று இருக்கும். அந்தச் சுவிட்ச், மின்கம்பிகளில் ஒன்றை 0.047 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு கெபாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) வழியாக இரும்புச் சட்டத்துடன் இணைக்கிறது. எர்த் இல்லாத வீடுகளில் இரைச்சலைக் குறைக்க அமெரிக்காவில் செய்த ஏற்பாடு அது. எர்த் முள்ளும் இல்லை, அந்தக் கெபாசிட்டரும் கசிகிறது என்றால், சட்டத்தில் ஏறும் மின்சாரம் தந்தி வழியாக உங்கள் கைக்கு வந்து, எர்த் செய்யப்பட்ட மைக் வழியாக இறங்கும். அந்தக் கெபாசிட்டர் முழுமையாகச் சிதைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதை வெட்டி எடுத்துவிட்டு, புதிய மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சை மஞ்சள் கம்பியைச் சட்டத்தில் தனி போல்ட் கொண்டு இறுக்குங்கள். மலிவான குறைப்புப் பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றைச் சுருள் வகை. அவை மின்சாரத்தைப் பிரித்துக் காப்பதில்லை. ஆகவே நம் சுவரின் 13 ஆம்பியர் பிளக்கிலுள்ள எர்த், பெட்டியைக் கடந்து ஆம்ப்ளிஃபையர் வரை அறுபடாமல் செல்கிறதா என்று மீட்டரால் பார்த்தே ஆக வேண்டும்.

மறுமொழி 2 (கூலிம்)

உறுமலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வால்யூமுக்குக் கட்டுப்படவில்லை என்றால் குறை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. பெரிய வால்வுகளுக்கு அடுத்துள்ள சிறிய 12ஏடி7 வால்வை, மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றி, அது இல்லாமலே மின்சாரத்தை மீண்டும் போட்டுக் கேளுங்கள். உறுமல் அப்படியே இருந்தால், சட்டத்தின் மேற்புறம் தகர மூடிக்குள் இருக்கும் பில்டர் கெபாசிட்டர்கள்மேல்தான் என் சந்தேகம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நேர்மின்னாக மாறும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸில் இருக்கும். அதை விழுங்க வேண்டியவை இவை. இந்த வகை ஆம்ப்ளிஃபையர்களில் வழக்கமாக 70 மைக்ரோஃபாரட் இரண்டு, 20 மைக்ரோஃபாரட் மூன்று இருக்கும். ஐம்பது வருடமாக உள்ளே இருந்தவை என்றால் ஐந்தையும் மொத்தமாக மாற்றுவதே நல்லது.

ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் இவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவர் தாமாகத் திறக்க வேண்டாம்.

மறுமொழி 3 (தைப்பிங், மேற்படி)

கடுகு வெடிக்கும் ஓசைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சிறிய வால்வுகளுக்குள் உயர் வோல்ட் ஏறும் தகடான பிளேட்டுக்குச் செல்லும் 100 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர்கள் கெட்டிருப்பது. அவற்றை மாற்றுவது எளிது, செலவும் சொற்பம்.

மற்றது நம் ஊர்க் காற்று. பாகங்களைப் பொருத்தியிருக்கும் கறுப்பு ஃபைபர் பலகை ஈரத்தை உறிஞ்சி, மெல்ல மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். மழை மாதத்தில் கூடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. மீட்டரின் கறுப்பு முனையைச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையால் பலகையின் வெற்றிடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவுமே இல்லாத இடத்தில் சில வோல்ட் காட்டினால் பலகை கசிகிறது என்று பொருள். மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தினால் பல சமயம் அடங்கும். அடங்காவிட்டால், கசியும் இடத்து இணைப்புகளைப் பலகையிலிருந்து தூக்கி அந்தரத்தில் பற்றவைக்கலாம். ஆம்ப்ளிஃபையரைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் ஒரு மரப்பலகைமேல் வையுங்கள்.

மறுமொழி 4 (தெலுக் இந்தான், பெடல் ஸ்டீல் வாசிப்பவர்)

விற்க வேண்டாம் என்பதை நானும் அழுத்தமாகச் சொல்கிறேன். சாதாரண கிட்டார்காரர் பலருக்கு ஆம்ப்ளிஃபையர் சற்றே பிசிறடிக்க வேண்டும். நமக்கு அது கூடவே கூடாது. தந்தியை மீட்டியதும் ஒலி தேயத் தொடங்குகிறது; தேயத் தேய நாம் வால்யூம் பெடலை மிதித்து அதைத் தாங்கிப் பிடிக்கிறோம். முதல் மீட்டலின் பலத்த அடியையும் பிசிறின்றித் தாங்கும் இருப்பு ஆம்ப்ளிஃபையரிடம் இருந்தால்தான் மூன்று நான்கு தந்திகளின் சுருதி ஒன்றோடொன்று கலங்காமல் நிற்கும். மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வாக உள்ள சிறிய ஆம்ப்ளிஃபையர்கள் பலத்த அடியில் சற்றுத் தொய்ந்துவிடும். ட்வின் ரிவெர்பில் அதற்குப் பதில் சிலிக்கான் டயோடுகள் இருப்பதால் அந்தத் தொய்வு குறைவு. 1963இல் அது வந்த காலத்திலேயே 85 வாட் எனக் குறிக்கப்பட்ட பலம்.

ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1945இல் டாக் காஃப்மன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து விற்றவையே லேப் ஸ்டீலும் அதற்கான ஆம்ப்ளிஃபையரும்தான். மரக்கட்டையாலான அவருடைய மின்கிட்டார் 1950இல்தான் கடைக்கு வந்தது. ஆக, அந்தப் பட்டறையின் காது ஸ்டீல் கிட்டாரில் பழகியது என்றே நான் கருதுகிறேன்.

பிரைட் சுவிட்சை அணைத்து, டிரெபிளைக் குறைத்து, மிடிலை ஏற்றி வாசித்துப் பாருங்கள். இரும்புக் கட்டை தந்தியில் உரசும் கீச்சொலி அடங்கும். டிரான்சிஸ்டர் வகையைத் தாழ்வாக எண்ண வேண்டாம்: 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பீவி செஷன் 400ஐ நம்பி வாசித்த பெடல் ஸ்டீல் கலைஞர்கள் ஏராளம். ஆனால் கையில் இருப்பதை முதலில் காப்பாற்றுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஈப்போவில் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்தேன். எர்த் போட்டதும் ஷாக் நின்றது. கெபாசிட்டர்களை மாற்றியதும் உறுமல் போய்விட்டது. தைப்பிங் ஐயா சொன்னபடியே பலகையில் வோல்ட் காட்டியது. உலர்த்திய பின் வெடிப்பொலி மிகவும் குறைந்துள்ளது. பெட்டி 110 வோல்ட்தான் தருகிறது. 120க்குச் செய்ததற்கு இது போதுமா?

மறுமொழி 5 (தைப்பிங்)

போதும், தம்பி. வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் சுமார் 5.8 வோல்ட் கிடைக்கும். அது பத்து விழுக்காட்டு வரம்புக்குள்தான் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதால், சற்றுக் குறைந்த வோல்ட் அதற்கு நல்லதும்கூட. கெபாசிட்டர் மாற்றிய பின் பயாஸை (வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பை) மறுபடி அளந்தாரா என்று மட்டும் கேளுங்கள். 460 வோல்ட் அளவில் ஒவ்வொரு 6எல்6ஜிசிக்கும் 35 மில்லி ஆம்பியர் அருகே இருந்தால் வால்வுகள் நீண்ட நாள் உழைக்கும்.