காலையில் அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை

சிம்மக்கல்காரன்:
சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு வரும். மூன்று வருடம் முன்பு, காலையில் விரலை மடக்க முடியவில்லை என்றார். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். எங்கள் தெருவில் மூட்டுவலி என்றாலே 2006-ல் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம்தான். பெரியம்மாவோ, "எதிர்ப்புசக்தி கொறஞ்சு போச்சுடி" என்று ஒரு லேகிய டப்பாவோடு வந்தார். எட்டு மாதம் அதிலேயே போனது.

அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ஆன்டி சி.சி.பி. என்கிற ஆன்டிபாடி எக்கச்சக்கம். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். டாக்டர் சீட்டின் பின்பக்கம் படம் போட்டே காட்டினார். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு, கிருமியைக் கண்டால் தன் டி.என்.ஏ.வையே உருவி வலையாக வீசுமாம். வீசிவிட்டுப் பெரும்பாலும் செத்தும் போகும். 2004-ல் பெர்லின் ஆய்வாளர்கள் சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. முடக்குவாதத்தில் கிருமியே இல்லாமல் மூட்டுக்குள் வலை விழுகிறது. அதோடு சிட்ருலின் மாற்றம் என்கிற வேதிமாற்றத்தால் உரு மாறிய நம் சொந்தப் புரதங்களும் வெளியே கொட்டுகின்றன. மற்ற அணுக்கள் அவற்றை வெளியாள் என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கின்றன. டெஸ்டில் தெரிந்தது அதுதான். அந்த ஆன்டிபாடி மறுபடி நியூட்ரோஃபிலை உசுப்ப, இன்னும் வலை. ஆக, அம்மாவுக்கு எதிர்ப்புசக்தி குறையவில்லை. ஆள் அடையாளம் தெரியாமல் அடிக்கிறது, அவ்வளவுதான்.

அந்த எதிர்ப்புசக்தியை அடக்க மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பித்தோம். வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. மருந்துக்கடையில் உறை மேல் 'தினம் 1' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! நான் கவனிக்கவே இல்லை. அம்மாதான், "ஞாயித்துக்கெழம மட்டும்னுல்ல டாக்டர் சொன்னாரு?" என்றார். தினமும் போட்டிருந்தால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். இதே மாத்திரை வாங்குபவர்கள் உறையை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மேலூர் டீச்சர்:
எனக்கு லூபஸ், எதிர்ப்புசக்தி நம் உடம்பையே தாக்கும் இன்னொரு நோய். இதிலும் அதே வலைதான் தம்பி. விழுந்த வலையை உடம்பு சரியாகக் கூட்டிப் பெருக்குவதில்லை, அதனால் நம் டி.என்.ஏ. மீதே ஆன்டிபாடி. வெயில் வேறு ஆகாது, மேலூரில் இருந்துகொண்டு! 2020-ல் கொரோனாவுக்கு என்று ஆளாளுக்கு என் லூபஸ் மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை வாங்கிப் பதுக்கியபோது, ஒரு அட்டைக்காக ஏழு கடை ஏறி இறங்கினேன். அதைச் சாப்பிடுபவர்கள் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அம்மா இப்போது எப்படி?

சிம்மக்கல்காரன்:
பரவாயில்லை டீச்சர். பொடி முடிச்சை விட்டுவிட்டார். பெரிய புள்ளி மட்டும், அதுவும் பதினொரு மணிக்கு மேல். பெரியம்மாதான் லேகிய டப்பாவைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.